முள்ளுக்காட்டுக் கரி

டாட்டா ஏஸ் வண்டி வாசலில் வந்து நின்றபோது கமருன்னிஸா கொல்லைப்புறத்தில் மடவை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரும்பு உருளும் சத்தம் கேட்டு, செதில் ஒட்டிய கையோடு எழுந்து வந்து பார்த்தாள். இடுப்புயரத்துக்கு மூன்று டிரம்கள் வண்டியிலிருந்து தெருவில் இறங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி இறங்கினார் அவள் கணவர் ஜெக்கரியா.

"என்னா மச்சான் இது?"

"கரி போடுறதுக்கு."

"மூணு டிரம்மு கறியா? யாரு வீட்டு வலிமா விருந்துக்கு?"

"திங்குற கறி இல்ல கமரு. அடுப்புக்கரி மாதிரி ஒண்ணு. ஆனா அடுப்புக்கு இல்ல, மண்ணுக்கு. பயோசார்னு பேரு. உயிர்க்கரின்னு தமிழ்ல சொல்றாங்க."

"எரிச்சுப் போட்டதுக்கு அப்புறம் அதுல எங்க உயிரு இருக்கு?"

ஜெக்கரியா டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. சாயங்காலத்துக்குள், ஜெக்கரியா பாய் கறிக்கடை போடப்போகிறார் என்று பனங்கரை ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கறி இல்லை, கரி என்று அவர் பள்ளிவாசலில் நின்று விளக்கம் சொன்னதில் நிலைமை இன்னும் மோசமானது. அன்றிலிருந்து அவர் பெயர் கரியா பாய்.

ஜெக்கரியா சார்ஜாவில் ஒரு கட்டுமானச் சாமான் கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். தை மாதம்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்திருந்தார். வந்த முதல் வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் அவர் அடுப்படிக்குள் நுழைந்து, மல்லித்தூள் முதல் கசகசா வரை எல்லா டப்பாவுக்கும் நம்பர் ஒட்டினார். மூன்றாவது வாரம் கமருன்னிஸா உப்பு என்று நினைத்து நான்காம் நம்பர் சீனியை மீன்குழம்பில் போட்டாள். மீன் ஆணம் இனித்தது. இருவரும் ஒருவார்த்தை பேசாமல் அதையே சாப்பிட்டு எழுந்தார்கள்.

அவளும் என்னதான் செய்வாள்? கரண்டு பில் கட்டியது, மூத்தவள் தஹ்மீனாவுக்கு மாப்பிள்ளை பார்த்தது, இளையவள் அஃப்ரீனைத் திருச்சியில் மருந்தாளுநர் படிப்பில் சேர்த்தது, மோட்டார் ரிப்பேர், கூரை ஒழுகல் எல்லாம் அவள் ஒருத்தியாகப் பார்த்தவை. அவர் வருவார், இரண்டு மாதம் இருப்பார், பெட்டி கட்டுவார். அந்த இரண்டு மாதமும் அவரை எப்படி உபசரிப்பது என்று அவளுக்குத் தெரியும். போகாத விருந்தாளியை என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஊருக்கு மேற்கே, முள்ளியாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஓரத்தில் அவர்களுக்கு ஐந்து மா நிலம். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. ஜெக்கரியாவின் அத்தா இருந்தவரை சம்பா விளைந்த நிலம்தான். பிறகு பார்க்க ஆளில்லாமல் பன்னிரண்டு வருஷமாகச் சீமைக்கருவை மண்டிக் கிடந்தது. உள்ளே ஆடு போனால் முள்ளில் சிக்கி அங்கேயே கத்திக்கொண்டிருக்கும். இறால் குட்டை போடக் கேட்டு ஒருவர் வந்தார். ஜேசிபி வைத்துக் காட்டை அழிக்க நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்று இன்னொருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்றிய அலுவலகத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்துக்கு, பொழுது போகாமல், ஜெக்கரியா போனார். பூர்ணிமா என்ற வேளாண்மை உதவி அலுவலர் கறுப்பாக ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். கருவை முள்ளைக் காற்றுப் படாமல் எரித்தால் சாம்பலாகாமல் கரியாகும், அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள், அதில் தண்ணீரும் உரமும் தங்கும், மண்ணில் போட்டால் நூறு வருஷம் ஆனாலும் மக்காது என்றாள். ஜெக்கரியா அதையே பிடித்துக்கொண்டார். நூறு வருஷம் ஓரிடத்தில் நிற்கும் ஒரு பொருளை அவர் கிடங்கில் ஒருநாளும் பார்த்ததில்லை.

டிரம்மில் கரி போட்ட முதல் சூட்டுக்குக் கமருன்னிஸாவும் போயிருந்தாள். பக்கத்து நிலத்துக்காரி அம்சமும் அவள் புருஷன் கண்ணுசாமியும் மரம் வெட்ட வந்திருந்தார்கள். அம்சத்தின் அப்பா பண்ணையாளாக இருந்த காலம் போய், அவளுக்கென்று இப்போது மூன்று மா இருக்கிறது. அதில் ஒரு மூலை உப்புப் பூத்துக் கிடந்தது. கண்ணுசாமியிடம் பெட்ரோலில் ஓடும் ரம்பம் ஒன்று உண்டு. அதை அவர் குழந்தை மாதிரி துண்டில் சுற்றித்தான் தூக்கி வருவார்.

டிரம்மில் குச்சியை அடுக்கி, மூடி போட்டு, அடியில் தீ வைத்தார்கள். மூடியின் விளிம்பு வழியாகப் புகை சீறியது. நாலு மணி நேரம் கழித்துத் திறந்தால் டிரம்முக்குள் அடியில் இரண்டு படி வெள்ளைச் சாம்பல்.

கண்ணுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "பாய், பாத்திரம் வெளக்கத் தாராளமாக் காணும்," என்றார்.

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் முதுகு குலுங்கியது. ஜெக்கரியாவின் முகம் வாடியதைப் பார்த்த கமருன்னிஸாவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. அவள் மூடியைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"இப்புடி வாயத் தொறந்து வெச்சா எது நிக்கும்? பிரியாணிக்குத் தம் போடுறப்ப என்ன செய்வோம்? மாவப் பெசஞ்சு விளிம்புல ஒட்ட மாட்டமா?"

"இதுக்கு மாவா?"

"களிமண்ண ஒட்டுங்க. நம்ம கொல்லையில இல்லாத களிமண்ணா?"

மறுநாள் குழைத்த களிமண்ணை விளிம்பு முழுக்க அப்பி, மூடியில் ஆணியளவு ஒரு துளை மட்டும் விட்டாள். ஆறு மணி நேரம். திறந்தபோது உள்ளே குச்சிகள் வைத்தது வைத்தபடியே, சுருங்கி, கன்னங்கரேலென்று நின்றன. கண்ணுசாமி ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். கண்ணாடி வளையல் மாதிரி கிணுங்கியது.

"அக்கா," என்றாள் அம்சம், "கரியிலயும் தம் போட்டுட்டீங்க."

பூர்ணிமா ஸ்கூட்டியில் வந்து பார்த்தாள். ஒரு துண்டை உள்ளங்கையில் நொறுக்கித் தேய்த்துத் தண்ணீரில் கழுவினாள். கை சுத்தமானது. "பிசுபிசுன்னு ஒட்டுனா வேகலன்னு அர்த்தம். இது நல்லா வெந்திருக்கு," என்றாள். ஒரு சொம்புத் தண்ணீரில் இன்னொரு துண்டைப் போட்டாள். அது மிதந்தபடியே பொரிந்து, பொடிப்பொடியாகக் குமிழி விட்டது. உள்ளே இருக்கும் ஓட்டைகளிலிருந்து காற்று வெளியே வருகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது என்று சொன்னாள்.

"இத அப்படியே வயல்ல போட்டுடலாமா மேடம்?" என்று அம்சம் கேட்டாள்.

"போட்டுறாதீங்க. பசியோட இருக்கும். பயிருக்குப் போடுற உரத்தையும் இதுவே தின்னுடும். கோமியம், சாணிக் கரைசல்ல பதினஞ்சு நாள் ஊற வெச்சு, வயிறு ரொம்புனதுக்கப்புறம் போடுங்க."

"உப்பு போயிருமா?"

"அப்படி ஆசை காட்ட மாட்டேன். உப்புக்கு ஜிப்சம் போடணும், வடிகால் வெட்டணும். கரி அது பக்கத்துல நின்னு கைகொடுக்கும், அவ்வளவுதான். கோடையில ஈரம் கொஞ்ச நாள் கூடத் தங்கும்."

கை கொடுத்தால் போதும் என்றாள் அம்சம். இதுவரை அந்த மூலைக்கு யாரும் கைகூடக் கொடுத்ததில்லை.

சித்திரை முழுக்க டிரம் எரிந்தது. கமருன்னிஸா தினமும் பத்து மணிக்கு ஒரு தூக்குவாளி கஞ்சியும், தேங்காய்த் துவையலும், சில நாள் கருவாட்டுப் பொரியலும் எடுத்துக்கொண்டு போவாள். கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போவாள். குச்சியை அடுக்கும் விதம் பிடிக்காமல் தானே அடுக்கத் தொடங்குவாள், நண்பகல் லுஹர் பாங்கு சொன்ன பிறகும் அங்கேயே இருந்துவிடுவாள். ஜெக்கரியா பனியனும் கைலியுமாக நின்று தீயைப் பார்ப்பார். மத்தியானம் வேப்பமரத்து அடியில் நால்வரும் சாப்பிட உட்காரும்போது, கிடங்கில் ஒட்டகம் புகுந்த கதையை அவர் சொல்வார். போனில் ஒரு தடவைகூட அவர் இதையெல்லாம் சொன்னதில்லை. இவர் இவ்வளவு சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்பது அவளுக்கே புதிது. வீட்டில் டப்பாக்களின் நம்பர்களை அவர் கவனிப்பதை நிறுத்தியிருந்தார். அவளும் அவற்றைக் கிழிக்காமல் விட்டுவைத்தாள்.

ஆனால் வைகாசி பிறந்ததும் ஜெக்கரியா பேச்சைக் குறைத்தார். காரணம் கரிதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இயற்கை உரம் தயாரிக்கும் ஒரு கம்பெனி, காய்ந்து சலித்த கரியைக் கிலோ பதினெட்டு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இவர்களுக்கு அடக்க விலையே முப்பத்திரண்டு. நாலு கிலோ விறகு எரித்தால் ஒரு கிலோ கரிதான் தேறும். டிரம்முக்குள் அடங்கும்படி ஒவ்வொரு கிளையையும் முழ நீளத்துக்கு வெட்டுவதிலேயே ஒருநாள் கூலி போய்விடும். மூன்று டிரம்மும் சேர்ந்து ஒருநாளைக்கு நாற்பது கிலோவைத் தாண்டவில்லை. டீக்கடைக்குப் போடலாமே என்று கண்ணுசாமி யோசனை சொன்னார். கடைக்காரர்கள் கட்டைவிரலைவிட மெல்லிசான கரியைப் பார்த்து, இது ஊதினால் பறந்துவிடும் என்று கையை விரித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜெக்கரியா குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. கமருன்னிஸா எடுத்தாள். சார்ஜாவிலிருந்து சித்தீக். பழைய கிடங்கில் அவரோடு வேலை பார்த்தவன்.

"அண்ணி, அண்ணன்ட்ட சொல்லிருங்க. மேனேஜர் வெள்ளிக்கிழம வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காரு. பழைய வேலதான், பழைய சம்பளம்தான். ரெண்டு வருஷம் விசா. சரின்னு சொன்னா டிக்கெட் போட்ருவாங்க."

"உங்க அண்ணனா கேட்டாரு?"

"அண்ணன்தான் அண்ணி போன வாரம் போன் பண்ணிக் கேட்டாரு."

ஜெக்கரியா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவள் போனை மேசையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமக்குள்ள சொல்லணுமாம்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அஃப்ரீனுக்கு இன்னும் ஒரு வருஷம் பீஸ் இருக்கு கமரு. இங்க கிலோவுக்குப் பதினாலு ரூவா கைய விட்டுப் போவுது. எத்தன நாளைக்கு?"

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீதான சொன்ன, நான் வீட்டுல இருந்தா உனக்குக் கையும் ஓடல காலும் ஓடலன்னு?"

"அது மாசி மாசம் சொன்னது!"

அவள் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரை விட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பினாள்.

அன்று மேல்காற்று கிளப்பி அடித்தது. கண்ணுசாமி முந்தின நாள் ஒரு பெரிய கருவை மரத்தை வேரோடு பெயர்த்திருந்தார். அந்த இடத்தில் ஆள் இடுப்பளவு ஆழத்துக்கு, சட்டி மாதிரி அகன்ற ஒரு பள்ளம். டிரம்முக்குள் போகாத கொப்பும் முள்ளும் மலையாகக் குவிந்து கிடந்தன.

"இந்த முள்ளு காலக் கிழிக்குது அக்கா. பள்ளத்துல தள்ளிக் கொளுத்திருவமா?" என்று அம்சம் கேட்டாள்.

"கொளுத்து. எல்லாம் எரியட்டும்," என்றாள் கமருன்னிஸா.

அவள் சொன்ன தொனியைக் கேட்டு அம்சம் அவள் முகத்தைப் பார்த்தாள். பள்ளத்துக்குள் கொஞ்சம் முள்ளைப் போட்டுப் பற்றவைத்தார்கள். அது எரிந்து மேலே சாம்பல் பூக்கும்போது அடுத்த கட்டு, அதன் மேல் அடுத்த கட்டு. டிரம்மில் வருகிற புகையில் பாதிகூட இல்லை. வெட்ட வேண்டியதில்லை, அளக்க வேண்டியதில்லை, நீளக் கொப்பை அப்படியே இழுத்துத் தள்ளினால் போதும். கமருன்னிஸா வெறி வந்தவள் மாதிரி இழுத்து இழுத்துப் போட்டாள். முள் முழங்கையைக் கீறியது. நிறுத்தவில்லை.

மூன்று மணி வாக்கில் பள்ளம் நிறைந்துவிட்டது. அப்போதுதான் காற்று இன்னும் வலுத்தது. தீ தரையோடு படுத்து, கிழக்கே இருந்த வைக்கோல் போரின் பக்கம் நாக்கை நீட்டியது. அடுத்த பருவம்வரை அம்சத்தின் இரண்டு மாட்டுக்கும் அந்தப் போர்தான்.

"யம்மா, போரு!" என்று அம்சம் அலறினாள்.

கண்ணுசாமி ஓடிப்போய்க் பக்கத்துக் குட்டைக் கரையில் இருந்த தண்ணீர் இறைக்கும் எஞ்சினை முடுக்கினார். அது இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அதற்குள் கமருன்னிஸா கஞ்சித் தூக்குவாளியோடு குட்டைக்குள் இறங்கிவிட்டாள். அவள் மொண்டு கொடுக்க, அம்சம் வாங்கி ஊற்ற, பத்துப் பன்னிரண்டு வாளி போன பிறகு எஞ்சின் உயிர் பெற்றது. குழாயில் தண்ணீர் பீறிட்டுப் பள்ளத்துக்குள் விழுந்தது. ஆவி குபுகுபுவென்று கிளம்பி மூவரையும் மூடிற்று. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தணல் அடங்கும்வரை கண்ணுசாமி தண்ணீரை நிறுத்தவில்லை.

ஆவி விலகியபோது அம்சம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கமருன்னிஸா இடுப்புவரை சேறு. முக்காடு எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னக்கா ஆச்சு இன்னைக்கு உங்களுக்கு?" என்று அம்சம் மெதுவாகக் கேட்டாள்.

"அவரு திரும்பப் போறாராம்."

"போவட்டுமே. உங்களுக்குப் பழக்கந்தான?"

"பழக்கந்தான்," என்றாள் கமருன்னிஸா. சொல்லிவிட்டு அழுதாள். அழுதபடியே, "இந்த மனுஷனோட இப்பத்தான் அம்சம் நான் குடும்பம் நடத்த ஆரம்பிச்சேன். அதுக்குள்ள என்ன அவசரம் இவருக்கு?" என்றாள்.

மறுநாள் காலை, போர் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் போனாள். பள்ளத்துக்குப் பக்கத்தில் கண்ணுசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே படிந்த சாம்பலைக் கம்பால் விலக்கிக் காட்டினார். அடியிலிருந்து விளிம்புவரை, பள்ளம் முழுக்கக் கரி. கமருன்னிஸா ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு தட்டினாள். கிணுங்கியது. நொறுக்கிக் கையைக் கழுவினாள். பிசுக்கு இல்லை.

"மூடி இல்லாம எப்புடிங்க இது?"

கண்ணுசாமி உடனே பூர்ணிமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் குரல் சந்தோஷத்தில் கீச்சிட்டது. "மேல எரியுற தீதான் மூடி! வர்ற காத்த எல்லாம் அந்தத் தீயே தின்னுடும், கீழ இருக்குற கரிக்குக் காத்து கெடைக்காது. கடைசியில தண்ணி ஊத்தி அணைக்கணும். நீங்க சரியா ஊத்திட்டீங்க. யாரு சொல்லித் தந்தா?"

"வைக்கப்போரு," என்றாள் அம்சம்.

கமருன்னிஸா ஒரு சாக்கில் கரியை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஜெக்கரியா பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேசையில் அப்படியே வைத்தாள். மூலையில் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டின் மேல் கறுப்புத் தண்ணீர் சொட்டியது.

"எத்தன டிரம்மு இது?" என்றார் அவர்.

"டிரம்மே இல்ல. வந்து பாருங்க."

வியாழக்கிழமை முறையாக ஒரு சூடு போட்டார்கள். போரை விட்டுத் தள்ளி, காற்றுக்கு எதிராக வரப்பு கட்டி, அதே மாதிரி ஒரு பள்ளம் வெட்டினார்கள். கமருன்னிஸாதான் எப்போது அடுத்த கட்டைப் போடுவது என்று சொன்னாள். சாம்பல் கொஞ்சம் வெளுத்தால் "போடு" என்பாள். ஜெக்கரியா போடுவார். அவர் அவசரப்பட்டால் "பொறுங்க, தோசை வேகட்டும்" என்பாள். பொறுப்பார். வெள்ளிக்கிழமை காலை அள்ளி, உலர்த்திப் பார்த்துத் தோராயமாக நிறுத்தால் இருநூறு கிலோ.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜெக்கரியா வெள்ளைச் சட்டையோடு நேராக வயலுக்கு வந்தார். நடையிலேயே ஒரு துள்ளல் இருந்தது.

"கமரு, நடந்துக்கிட்டே கணக்குக் கூட்டிட்டேன். இவங்க ரெண்டு பேரு ரெண்டு நாள் கூலி, பெட்ரோலு, டீசலு, சாக்கு எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். இருநூறு கிலோ. அடக்கம் பதினாலரை! கிலோவுக்கு மூணரை நிக்கிது. சித்தீக்குக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லப்போறேன்."

அவர் போனை எடுத்தார். கமருன்னிஸா வாயைத் திறந்தாள், மூடினாள். சும்மா இருந்தால் போதும். அவர் இங்கேயே இருந்துவிடுவார். ஆனால் கணக்குத் தப்பு. இருபத்தெட்டு வருஷம் அவர் அனுப்பிய பணத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட அவள் பொய்க்கணக்குச் சொன்னதில்லை. இப்போது பேசாமல் இருந்து, ஆறு மாதம் கழித்து அவரே கண்டுபிடித்தால் அன்றைக்கும் பெட்டி கட்டுவார், கூடவே அவள் மேல் இருக்கும் நம்பிக்கையையும் கட்டி எடுத்துப்போவார்.

"மச்சான், போட்டுறாதீங்க," என்றாள். "நம்ம கூலி எங்க?"

"நம்ம கூலியா?"

"நேத்துப் பகல் முழுக்க நான் வெந்தேன். நீங்களும் வெந்தீங்க. ஆம்பளைக்கு எழுநூறு, பொம்பளைக்கு நானூறு. அதப் போட்டாத்தான அடக்கம்? நாலாயிரம் வருது. கிலோ இருவது. கம்பெனி தர்றது பதினெட்டு."

ஜெக்கரியா போனைத் தாழ்த்தினார். முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. "சொல்லாம இருந்திருக்கலாமே கமரு," என்றார் மெல்ல.

"இருந்திருக்கலாம்."

அவள் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சம் தலைச்சுமையை இறக்கிவிட்டு, வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் பாய், நான் ஒண்ணு கேக்கட்டுமா? இந்தக் காட்ட அழிக்க ஜேசிபிக்காரன் எம்புட்டுக் கேட்டான்?"

"நாப்பத்தஞ்சாயிரம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இப்ப அழிக்கிறது யாரு? நாமதான? கரி போடுறதுக்கு வெட்டுறீங்களா, காட்ட அழிக்கிறதுக்கு வெட்டுறீங்களா? ரெண்டும் ஒரே வெட்டுதான? அந்த நாப்பத்தஞ்சாயிரத்த யாரு கணக்குல விட்டீங்க?"

ஜெக்கரியா அவளைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார். கண்ணுசாமி விரல் விட்டு எண்ணினார். "ஒரு மாவுக்கு அஞ்சு குழி போடலாம் பாய். அஞ்சு மாவுக்கு இருவத்தஞ்சு குழி. அஞ்சு டன் கரி."

"அஞ்சு டன்னுக்கு நாப்பத்தஞ்சாயிரம்னா கிலோவுக்கு ஒம்பது ரூவா," என்றாள் கமருன்னிஸா. "இருவதுல ஒம்பது போனா பதினொண்ணு."

"முள்ளு போயி நெலம் வெளுத்ததும் எனக்கு ரெண்டு மா குத்தகைக்கு விடுங்க," என்றாள் அம்சம். "என் உப்பு மூலைக்கு ஊற வெச்ச கரி பத்து மூட்ட வேணும். கூலியில கழிச்சுக்குங்க. காடு முடிஞ்சா ஊருல முள்ளுக்கா பஞ்சம்? பக்கத்து நெலத்துக்காரனெல்லாம் அழிச்சுக் குடுன்னு உங்கள்ட்ட காசு கொண்டாந்து குடுப்பான்."

ஜெக்கரியா கொஞ்ச நேரம் வாய்க்கால் பக்கம் திரும்பி நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"சித்தீக்கு, நான் வரலப்பா... இல்ல, உடம்பு நல்லாத்தான் இருக்கு... வேல கெடச்சிருச்சு... இங்கதான், ஊருலயே... முதலாளி யாரா?" அவர் கமருன்னிஸாவைத் திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் கண்டிஷனான ஆளுதான். ஆனா கணக்குச் சுத்தம்."

அம்சம் சிரித்த சிரிப்பில் கருவை மேல் இருந்த நாரைகள் எழுந்து பறந்தன.

ஆனி கழிந்து, மேட்டூர்த் தண்ணீர் கடைமடை வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மா வெளுத்திருந்தது. ரோட்டில் நின்றால் வாய்க்கால் தண்ணீர் மினுங்குவது தெரிந்தது. சாணிக் கரைசலில் ஊறிய கரியை அம்சம் தன் உப்பு மூலையில் போட்டு, ஜிப்சமும் போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டி நாற்று விட்டாள். பாதி மூலையில் கரி, பாதியில் சும்மா. கரி போட்ட பக்கம் நாற்று திட்டுத்திட்டாக இல்லாமல் பரவலாக முளைத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கொத்தாக வந்தது. மற்றப் பக்கமும் முழுக்கச் சாகவில்லை என்பதையும் பார்க்கிறவர்களிடம் அம்சம் மறைக்காமல் சொன்னாள். பூர்ணிமா இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் லோடு ஏறியது ஒரு சனிக்கிழமை. கம்பெனி லாரியில் எண்பது மூட்டை. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பியதும், ஜெக்கரியா வேப்பமரத்தடியில் நின்று கூலி கொடுத்தார். கண்ணுசாமிக்குக் கொடுத்தார், அம்சத்துக்குக் கொடுத்தார். மூன்றாவதாகக் கமருன்னிஸாவின் பக்கம் திரும்பி நோட்டை நீட்டினார்.

"ஆறு நாளு. ரெண்டாயிரத்து நானூறு. எண்ணிக்க."

அவள் விளையாட்டென்று நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. கரி படிந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் வாங்கும் முதல் கூலி. எண்ணினாள். மறுபடி எண்ணினாள், எண்ணுவது பிடித்திருந்ததால்.

"ஓவர்டைம் எங்க மச்சான்?"

"என்ன ஓவர்டைம்?"

"ரெண்டு நாளு சாயங்காலம் அஸர் தாண்டி நின்னேன். சார்ஜாவுல உங்களுக்குக் குடுத்தாங்களா இல்லையா?"

"விடாதீங்கக்கா, விடாதீங்க," என்று அம்சம் கைதட்டினாள்.

ஜெக்கரியா சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். சில்லறைதான் இருந்தது. "டீ வாங்கித் தர்றேன். ஒத்துக்கிறியா?"

வீட்டில் போட்டுக் குடிக்கலாமே என்று சொல்ல வந்தவள், சொல்லாமல் கூட நடந்தாள். பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் ஆண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஜெக்கரியா ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். நிக்காஹ் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு கடையில் அவரோடு அவள் டீ குடித்ததில்லை. நெற்றியிலும் மூக்கிலும் கரி அப்பியிருந்த அவளைக் கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை.

"என்ன கரியா பாய், புதுசா ஆளு சேத்திருக்கீங்க போல? எந்த ஊரு?"

ஜெக்கரியா பதில் சொல்வதற்குள் கமருன்னிஸா முந்திக்கொண்டாள்.

"இவரு வீடுதாங்க," என்றாள். "எனக்குச் சீனி கொஞ்சம் தூக்கலா போடுங்க."